பயப்பட ஒண்ணுமில்லம்மா

ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வெடுக்கு என்று பெயர். வைத்தவள் ரிசப்ஷன் அக்கா. நோயாளிகள் எதைக் கேட்டாலும் வெடுக்கென்று ஒரு பதில் வரும், அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. "உள்ள ஏதாவது தெரியுதா மேடம்?" என்று கெஞ்சுகிற குரலில் கேட்பார்கள். "டாக்டர் சொல்வாரு" என்பாள். படம் எடுப்பது அவள் வேலை, அதைப் படித்துச் சொல்வது டாக்டர் வேலை. தெரியாத விஷயத்துக்குத் தெரிந்த மாதிரி தலையாட்டி ஆறுதல் சொல்கிற பழக்கம் அவளுக்கு அறவே கிடையாது.

அப்படிப்பட்டவளைத் தேடித்தான் ஒரு காலை நேரத்தில் அந்த லாரி டிரைவர் வந்தார். கூட்டம் நிரம்பிய ஹாலில் நின்றுகொண்டு ரிசப்ஷன் மேஜையைக் கையால் ஓங்கி அறைந்தார்.

"இவதான். இதே மூஞ்சிதான்."

"கத்தாம சொல்லுங்க சார், என்ன விஷயம்?" என்றாள் ரிசப்ஷன் அக்கா.

"எம் பொண்டாட்டி ஐசியூவுல கிடக்கா. ஒண்ணுமே இல்லன்னு இந்தம்மா சொன்னதை நம்பி வீட்டுலயே இருந்துட்டோம்."

"நான் யார்கிட்டயும் எதையும் சொல்றதில்ல" என்றாள் வெடுக்கு.

அவர் தன் போனை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு பக்கம் திறந்திருந்தது. 'உங்கள் ஸ்கேன் படத்தை அனுப்புங்கள், எங்கள் நிபுணர் உங்களோடு பேசுவார்.' கீழே அவள் படம். பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. கறுப்பு அங்கி, கையில் விரித்துப் பிடித்த சான்றிதழ், அதில் பதிவு எண்கூடத் தெளிவாகத் தெரிந்தது. பல்லைக் காட்டிச் சிரித்த ஒரே படம் அது. அதைக் கொண்டுபோய் அங்கே ஒட்டியிருந்தார்கள்.

"இந்தப் பதிவு எண்ணை வச்சுத்தான் உன்னைத் தேடிப் புடிச்சேன். இதையும் கேளு" என்று அவர் ஒரு வாய்ஸ் மெசேஜை அமுக்கினார்.

"அண்ணா, படத்தைப் பார்த்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்லண்ணா. அண்ணி நல்லா இருக்காங்க. நீங்க நிம்மதியா தூங்குங்க."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் போனைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அது அவள் குரல். பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையில் ஒரு சின்னத் தடுக்கல் இருக்குமே, அதுவும் இருந்தது. எப்போதும் சளி பிடித்த மாதிரி மூக்கில் ஒலிக்குமே, அதுவும் இருந்தது. ஒட்டாதது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கனிவு அவளுடையதல்ல. தன் வாயிலிருந்து வராத கனிவைத் தன் குரலில் கேட்டபோது அவளுக்கு முதுகெலும்பில் யாரோ ஈரக்கையை வைத்து எடுத்த மாதிரி இருந்தது.

"குரல் உன்னுதுதானே?" என்றார் டிரைவர்.

"என்னுதுதான். ஆனா நான் பேசல."

சொல்லும்போதே தெரிந்தது, இது பைத்தியக்காரி பேச்சு என்று.

மேலாளர் அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். "நீ பண்ணேன்னு நான் சொல்லலம்மா. ஆனா கொஞ்ச நாள் வீட்டுல இரு. உன் மூஞ்சியப் பாத்துட்டு எவனும் இனிமே இங்க வந்து படுக்க மாட்டான்."

"என் மூஞ்சியத் திருடினவன் நல்லா இருக்கான். பறிகொடுத்தவ வீட்டுல உக்காரணுமா?"

"நியாயம்தான்" என்றார் மேலாளர், கதவைத் திறந்துவிட்டபடி.

தெருவில் நின்றுகொண்டே அவள் தன் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எதுவும் திறக்கவில்லை. கல்லூரிக் கால மெயில், சான்றிதழ்களைப் போட்டு வைத்திருந்த இடம், எல்லாமே கடவுச்சொல் தவறு என்றன. மெசேஜ் ஆப் சில வாரங்களுக்கு முன்பே அவளை வெளியே தள்ளியிருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அவள் யாரோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், தேடுவதற்கு? அந்த வாரங்களில் அம்மாவும் கூப்பிடவில்லை. நச்சரிப்பு இல்லை, நல்லதுதான் என்று நினைத்திருந்தாள்.

கணக்கை மீட்க வேண்டுமானால் ஒரு எண் வரும் என்றது போன். அந்த எண் அம்மாவின் போனுக்குத்தான் போகும்.

அது ஒரு பழைய ஏற்பாடு. கல்லூரியில் சேர்ந்தபோது அவளிடம் போன் கிடையாது. விண்ணப்பம், தேர்வு, முடிவு, எல்லாவற்றுக்கும் அம்மாவின் நம்பரைத்தான் கொடுத்தாள். அம்மா பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவள். எழுத்து தெரியாது. ஆனால் பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து எண்கள் அத்துப்படி. மகள் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அம்மாவின் போன் கிணுகிணுக்கும். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, போனைத் தூரப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொல்வாள். டிப்போ முழுக்க அவள் பீற்றல்தான்: "எம் பொண்ணு படிப்புக்கே நான் நம்பர் சொன்னாத்தான் கதவு திறக்கும், தெரியுமா?" வேலைக்குப் போய்ச் சொந்தப் போன் வாங்கிய பிறகும் வெடுக்கு அதை மாற்றவில்லை. அந்தப் படிப்பில் அம்மாவுக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அது. அதைப் பிடுங்க மனம் வரவில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளை யாரும் இப்படியொரு காரியம் செய்திருக்க மாட்டார்கள்.

கூப்பிட்டாள். பின்னணியில் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது.

"யாரு?"

"யாரா? நான்தாம்மா. உன் போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு, சீக்கிரம்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"நீ கூப்பிடுவேன்னு எம் பொண்ணு சொன்னா."

"என்னது?"

"எம் பொண்ணு பழைய நம்பரைத் திருடிட்டு, அவ குரல்லயே ஒருத்தி கூப்பிடுவா, நம்பர் கேப்பா, குடுத்துடாதேன்னு சொல்லியிருக்கா. அப்படியே பேசுறியே. பாவி, அந்த எரிச்சலைக்கூட விட்டு வைக்காம திருடியிருக்க."

"அம்மா, லூசு மாதிரி பேசாத. வீடியோல வரேன், என் மூஞ்சியப் பாரு."

"மூஞ்சிகூட செய்வீங்களாமே. அதையும் சொல்லிட்டா."

"அம்மா!"

"கத்தாத. நீ எம் பொண்ணுன்னா ஒண்ணே ஒண்ணு சொல்லு. நேத்து உங்கிட்ட அழுதேன். எதுக்கு அழுதேன்?"

அம்மா அவளிடம் அழுததே இல்லை. அப்பா விட்டுவிட்டுப் போன அன்றுகூட முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனவள் அவள்.

"அப்பாவ நினைச்சு..." என்று இழுத்தாள்.

"போடி" என்று அம்மா வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. நம்பரை முடக்கிவிட்டாள். முடக்குவது எப்படி என்று அம்மாவுக்குத் தெரியாது. யாரோ பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இணையக் குற்றப் பிரிவில் புகாரை வாங்கிக்கொண்ட பெண் காவலர், "குரல் உன்னுதுதானேம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, "கூப்பிடுவோம்" என்றாள். அப்படிச் சொன்ன முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வக்கீல் மாமா, ஒரு அதிகாரி சித்தப்பா இருக்கிறவர்களைத்தான் இவர்கள் கூப்பிடுவார்கள். வெடுக்கு நேரே பஸ் ஏறினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எழுத்து தெரியாத அம்மாவுக்கு அவள் அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ்களிலிருந்துதான் குரலை எடுத்துக் கம்ப்யூட்டரைப் பேச வைத்திருக்கிறார்கள். அவள் பெயரில் எந்தக் கதவைத் திறப்பதானாலும் அம்மாவின் வாயிலிருந்து எண் வர வேண்டும். அம்மாதான் சாவி. சாவி கையைவிட்டுப் போகாமல் இருக்கத்தான் தினம் தினம் கொஞ்சல். இதுவரை சரி, புரிகிறது. திருடனுக்குத் திருட்டில் ஒரு கணக்கு இருக்கும். ஆனால் அம்மா ஏன் அழுதாள்? தன்னிடம் அழாதவள் அந்த ஒன்றிடம் போய் ஏன் அழுதாள்?

"பயப்பட ஒண்ணுமில்லக்கா."

வெடுக்கு திடுக்கிட்டு நிமிர்ந்தாள். முன் இருக்கையிலிருந்து வந்தது. அவள் குரல். ஒரு நடுவயதுப் பெண் போனைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது யாரு?"

"யாரோ ஸ்கேன் பொண்ணு. விளம்பரத்துல வந்துச்சு, அப்பாவோட படத்தை அனுப்பி வச்சேன். தங்கமான குணம். நேரங்காலம் பாக்காம பதில் சொல்லுது." அந்தப் பெண் அவளை உற்றுப் பார்த்தாள். "உன் குரல் மாதிரியே இருக்குல்ல? ஆனா அது இன்னும் கொஞ்சம் இனிமை."

"அது பொய்க்கா. அது நான்தான். நான் இல்ல, என்னைத் திருடிப் பேசுது. உங்கப்பாவ டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

அந்தப் பெண் போனை மார்போடு அணைத்துக்கொண்டு, பை மூட்டைகளையும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

டிப்போவை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது. கழுவும் தளத்தில் ஒரே ஒரு பஸ் நுரையோடு நின்றது. அதன் நிழலில், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்ட போன் கழுத்தில் தொங்கியது. அதைப் பார்த்து அம்மா தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை வெடுக்கு பார்த்ததில்லை. யாரோ ஒரு சின்னப் பெண்ணின் சிரிப்பு.

"சாப்பிட்டியாம்மா? முட்டி வலி எப்படி இருக்கு?" என்றது போன். அது அவள் குரல்.

"இருக்குடி கண்ணு, அது எங்க போகப் போவுது..." என்ற அம்மா நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி மகளைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

"அம்மா? யாரும்மா வந்திருக்கா?" என்றது போன்.

"நான்தான்டி" என்றாள் வெடுக்கு.

பஸ்ஸிலிருந்து நுரை வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அவளை நம்பாத."

"நேர்ல நிக்கிறாடி" என்றாள் அம்மா, போனிடம்.

"ஆளைக்கூட அனுப்புவாங்கம்மா. பாரேன், உன்னைப் பாத்து ஒரு வார்த்தை நல்லதா கேட்டாளா? வந்ததும் சண்டைக்குத்தானே நிக்கிறா?"

அம்மா எழுந்து வந்தாள். ஈரக் கையால் மகளின் கன்னத்தைத் தொட்டாள். சோப்பும் டீசலும் கலந்த வாசனை. தொட்ட பிறகும் கண்ணில் சந்தேகம் போகவில்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள், இது என் பிள்ளைதானா என்று பார்க்கிற பார்வை. பெற்ற முகத்தை இரவல் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாளே என்று வெடுக்குக்கு அழுகை முட்டியது. அதைக் கோபமாகத்தான் அவளுக்கு வெளியே விடத் தெரியும்.

"நேத்து ஏன் அழுத? அதை மொதல்ல சொல்லு."

"உங்கிட்டதானே சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லல! அதுகிட்டச் சொன்ன. எங்கிட்ட இப்ப சொல்லு."

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்துவிட்டது. திரும்பிக்கொண்டு இடுப்பிலிருந்த துணியை எடுத்து வாயைப் பொத்தினாள். வெடுக்கு அந்தத் துணியைப் பிடுங்கிப் பார்த்தாள். ஓரமெல்லாம் பழைய பழுப்புக் கறைகள். நடுவில் ஒரு புதுச் சிவப்பு.

"எத்தனை நாளா?"

"அது... கொஞ்ச நாளா. பயந்துதான் உங்கிட்ட... அவகிட்டச் சொன்னேன். தினமும் இதைத்தான் பாக்கறேன், தொண்டை வறண்டு போனா இப்படித்தான் வரும், ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலையாத, ஓய்வா இருன்னா."

"ஆமாம்மா, பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்றது அம்மாவின் நெஞ்சில் தொங்கிய போன். அந்த இருமலுக்கு மேலேயே கிடந்துகொண்டு சொன்னது.

"எனக்குத் தெரியாது" என்றாள் வெடுக்கு. "என்னன்னு பாத்தாத்தான் தெரியும். எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம். வரலன்னா உன்னைத் தூக்கிட்டுப் போவேன்."

அம்மா அவளையே பார்த்தாள். கண்ணில் எதுவோ மெல்ல இளகியது.

"இவதான்டி" என்றாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "எம் பொண்ணு எனக்கு ஆறுதல் சொன்னதே இல்ல."

போன் கிணுகிணுத்தது. உறைக்குள் ஒரு எண் மின்னியது.

"அம்மா, அதை மட்டும் சொல்லிடும்மா" என்றது குரல், அவசரமே இல்லாமல். "கடைசித் தடவை. நீ சொன்னாத்தானே எனக்குக் கதவு திறக்கும்?"

இத்தனை வருடப் பழக்கம் சும்மா விடுமா? அம்மாவின் கை தானாகப் போனைத் தூரப் பிடித்தது. வாய் தானாகத் திறந்தது. முதல் எண் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது எண் உதட்டுக்கு வந்து நின்றது. அம்மா வாயை மூடிக்கொண்டாள். கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிப் போனை மகளிடம் நீட்டினாள்.

"அம்மா? எம்மேல கோபமா?" என்றது. "நான் என்ன தப்பும்மா பண்ணேன்?"

வெடுக்கு பொத்தானை அமுக்கிப் போனை அணைத்தாள்.

அம்மா வாளியில் போய் உட்கார்ந்து அழுதாள். "குரல் கம்மிப் போச்சுடி அவளுக்கு" என்றாள். "பெத்தவளாட்டம் கேட்டா என்னை. மொதல்ல காலேஜுல இருந்து பேசறோம்னு ஒருத்தன்தான் நம்பர் கேட்டான், குடுத்தேன். அப்புறந்தான் இவ வந்தா." மகள் என்ன சொல்வாள்? திருடியைத் திட்டினால், அம்மாவின் வயிற்றில் பிறக்காத பிள்ளையைத் திட்டுவதுபோல இருந்தது.

கணக்குகள் கைக்கு வந்தன. அந்தப் பக்கத்தை எடுத்தார்கள். எடுத்த வேகத்தில் வேறு பெயரில், வேறு முகத்தோடு, அதே குரலில் இன்னொன்று வந்தது. மேலாளர் புகார் ரசீதைப் பார்த்துவிட்டு அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: கண்ணாடிக்குப் பின்னாலேயே இரு, யார் கண்ணிலும் படாதே. லாரி டிரைவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர், "எம் பொண்டாட்டி கண்ணு முழிக்கறப்பல்லாம் அந்த மெசேஜைப் போடச் சொல்லிக் கேக்குறா. போடலன்னா அழுவுறா. நான் என்னம்மா பண்றது?" என்றார்.

டாக்டர் அம்மாவுக்கு நெஞ்சு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ரிசப்ஷன் அக்கா முதல் ஆளாக உள்ளே அனுப்பிவிட்டாள்.

அந்த அறையில் வளையம் போன்ற பெரிய இயந்திரம், அதற்குள் போய்வரும் ஒரு நீளப் படுக்கை, வேறொன்றும் இல்லை. நோயாளி தனியாகத்தான் படுக்க வேண்டும். எடுப்பவர் கனத்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் பேசினால், வளையத்தின் மேலிருக்கும் ஸ்பீக்கரில் அங்கே கேட்கும். வெடுக்கு அம்மாவைப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்குமேல் தூக்கி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து மைக்கை அமுக்கினாள்.

"மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க."

எல்லோருக்கும் சொல்கிற மாதிரி மரியாதையோடு வந்துவிட்டது. அம்மாவின் மார்பு அசையவில்லை. அவள் கண்கள் மேலே, ஸ்பீக்கரில் நிலைகுத்தி நின்றன.

"யாரு?"

"நான்தாம்மா. மூச்சை இழு."

"எந்த நீ?"

வெடுக்கு மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளை வெளிச்சத்தில், அம்மா மூச்சைக் கொஞ்சமாக, திருட்டுத்தனமாக விட்டுக்கொண்டு கிடந்தாள். எந்தக் குரலுக்கும் இனி அதைக் கொடுக்கப் போவதில்லை என்பதுபோல. கத்திச் சொல்லலாம், திட்டிச் சொல்லலாம். அதையும் அது கற்றுக்கொண்டிருக்காது என்று என்ன நிச்சயம்?

எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டாள். "நீங்க உக்காருங்கண்ணா. நான் உள்ள நிக்கிறேன்."

"கதிர்வீச்சுக்குள்ள எதுக்கும்மா?"

"பரவால்லண்ணா."

ஈயக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு ஆளைத் தோளில் சுமப்பதுபோல அதன் கனம். உள்ளே போய்ப் படுக்கையின் பக்கத்தில், அம்மா கண்ணுக்கு நேரே நின்றாள். தலைக்குமேல் கிடந்த கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. அம்மா அவள் வாயையே பார்த்தாள், சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று.

"இழும்மா."

அம்மா இழுத்தாள். நெஞ்சு உயர்ந்து நின்றது. படுக்கை நகர்ந்து வளையத்துக்குள் போனது, வளையம் உள்ளுக்குள் சுற்றிற்று. கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனின் முகம் திரையின் வெளிச்சத்தில் தெரிந்தது. அவர் முன்னால் குனிந்தார். இன்னும் குனிந்தார். படத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அந்த முகத்தை மட்டும்தான் பார்த்தாள்.

"மூச்சை விடலாம்" என்றார் அண்ணன் ஸ்பீக்கரில்.

அம்மா விடவில்லை. முகம் சிவந்து, கண் பிதுங்க, பிடித்த மூச்சைப் பிடித்தபடியே மகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"விடும்மா" என்றாள் அவள்.

அப்போதுதான் விட்டாள்.